சந்தேகத்தோடு ஊர்வலத்தில் நிற்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் ஆலயப் பங்கின் கல்லறைத் தோட்டத்தில் எங்களைப் பிரிக்கும் சுவர் இன்றும் நிற்கிறது. திருவிழாச் சப்பரம் எங்கள் தெருவுக்கு வருவதில்லை. சில ஆண்டுகளாகத் திருப்பலியில் என் வாய் மட்டுமே ஜெபிக்கிறது. தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கோரும் ஆகஸ்ட் 10 கருப்பு நாள் ஊர்வலத்தில் பதாகை பிடிக்க அழைக்கிறார்கள். சுவரைப் பற்றிப் பேசினாலோ, விசுவாசம் குறைந்தவன் என்றும், வெளியே எதிரிகள் காத்திருக்கும்போது இது வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். நான் போகலாமா?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போகலாம். உங்களைப் பேச வேண்டாம் என்பவர்கள்தான் அந்த ஊர்வலத்தின் கோரிக்கையை நிதானமாக வாசிக்க வேண்டும்.

1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து அல்லாதவர்களுக்கு மறுக்கப்பட்ட பட்டியல் சாதித் தகுதி, 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் கிடைத்தது. தலித் கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இன்றுவரை கிடைக்கவில்லை. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை, ஆகவே தீண்டாமையும் இல்லை என்பது அவர்களுக்கு எதிராக வைக்கப்படும் முதன்மையான வாதம். திருமுழுக்குப் பெற்ற பிறகும் சாதி எங்களை விடவில்லை என்பதே அதற்குத் திருச்சபைகள் உச்ச நீதிமன்றத்தில் கூறும் பதில். அப்படியானால் உங்கள் ஊர்ச் சுவர் அந்த வழக்கின் சாட்சியல்லவா? டெல்லியில் சாட்சியாகும் ஒன்றை உங்கள் பங்குப் பேரவையில் பேசக்கூடாது என்பது எனக்கு எந்த வகையிலும் நியாயமாகத் தோன்றவில்லை. இந்தியக் கத்தோலிக்க ஆயர்களே 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் சாதிப் பாகுபாட்டைப் பாவம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். அதையே நீங்கள் சொன்னால் மட்டும் அது எப்படி விசுவாசக் குறைவாகும்?

வெளியே இருக்கும் பகை உண்மையானது. ஜெபக்கூடங்கள் தாக்கப்படும் நாட்டில் அந்த அச்சத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். ஆனால் அதன் சுமையை யார் சுமக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சான்றிதழில் இந்து, வீட்டில் கிறிஸ்தவர் என்று இரண்டு பெயர்களோடு வாழும் குடும்பங்களை நீங்களும் அறிவீர்கள். மதத்தை வெளியே சொன்னால் இடஒதுக்கீடும், தனித்தொகுதியில் நிற்கும் உரிமையும், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போய்விடும் என்பதால், பள்ளியில் பெயர் எழுதும் நாளிலிருந்தே விசுவாசத்தை மறைக்கக் கற்றவர்கள் அவர்கள். இழப்பதற்கு எதுவும் இல்லாதவர்கள் அவர்களுடைய விசுவாசத்தின் உறுதியை அளக்க வருவதுதான் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

உங்கள் சந்தேகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உயிர்த்தெழுந்த இயேசுவின் காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்ற தோமா, எட்டு நாள் கழித்தும் மற்றச் சீடர்களோடு அதே வீட்டில்தான் இருந்தார் என்கிறது யோவான் நற்செய்தி. அவர்கள் அவரை வெளியேற்றவில்லை, அவரும் போகவில்லை. ஜெபம் வராத நாளில் அதை வலிந்து வரவழைக்க வேண்டாம். விசுவாசம் இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

ஊர்வலத்துக்கு முன்பே சுவரை அகற்றக் கோரும் மனுவை உங்கள் தெருவினரின் கையொப்பங்களோடு பங்குத்தந்தையிடம் கொடுங்கள். ஒரு நகலை ஆயர் இல்லத்துக்குப் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு எழுதுங்கள்.