மத்திய அரசு ஓய்வூதியம் வாங்கும் 84 வயது அம்மாவுக்குக் கைரேகை பதியவில்லை, வாழ்நாள் சான்றிதழ் எப்படிக் கொடுப்பது?

ஓய்வூதியர் உயிரோடிருப்பதைக் காட்டும் இந்தச் சான்றிதழைக் கைரேகை இல்லாமலே கொடுக்கலாம். அம்மாவை வங்கிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். மத்திய அரசு ஓய்வூதியம் என்கிறீர்கள். 2021 நவம்பரிலிருந்து முகத்தை வைத்தே சரிபார்க்கும் வசதி இருக்கிறது.

உங்கள் ஆண்ட்ராய்டு போனில் 'ஜீவன் பிரமாண்', 'ஆதார் ஃபேஸ் ஆர்டி' இரண்டு செயலிகளையும் போடுங்கள். முதலில் இயக்குபவராக உங்கள் ஆதார், உங்கள் முகம். அப்புறம் அம்மாவின் ஆதார் எண், பிபிஓ எண் (ஓய்வூதிய ஆணை எண்), ஓய்வூதியக் கணக்கு எண், முகம். வெளிச்சம் முகத்தில் விழவேண்டும், முதுகுப் பக்கம் ஜன்னல் கூடாது. கண் சிமிட்டச் சொல்லும். வயதானவர்களுக்கு இங்கேதான் தடுமாறும், கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிதானமாகச் செய்யச் சொல்லுங்கள்.

ரேகை விழாததற்குக் காரணம் பெரும்பாலும் தேய்ந்து வறண்ட விரல்தான். கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

முகமும் ஏற்கவில்லை என்றால், ஆதார் தளத்தில் பயோமெட்ரிக் பூட்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் ரேகை, கருவிழி, முகம் மூன்றுமே வேலை செய்யாது. அதுவும் இல்லையென்றால் தபால்காரரை வீட்டுக்கு வரச் சொல்லலாம், கட்டணம் 70 ரூபாய்.

ஒன்று மட்டும் கவனம்: பிரமாண் எண் (சான்றிதழுக்குக் கிடைக்கும் அடையாள எண்) வந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். பிபிஓ எண்ணோ கணக்கு எண்ணோ தவறாக இருந்தால் வங்கி அதைப் பிறகு நிராகரிக்கலாம். சில நாள் கழித்து ஜீவன் பிரமாண் தளத்தில் நிலையைப் பாருங்கள். 80 வயது தாண்டியவர்களுக்கு சான்றிதழ் கொடுப்பது அக்டோபர் 1-லேயே தொடங்கிவிடும், நவம்பர் நெரிசல் வரை காத்திருக்காதீர்கள்.