டைப் பண்ணும்போது கர்சர் தானாக வேறு வரிக்குத் தாவுகிறது. லாப்டொப் டச்பேடை அடக்க என்ன வழி?

கேள்வி கேட்டவர் புது லாப்டொப் வாங்கியிருக்கிறார். எழுதிக்கொண்டிருக்கும்போதே கர்சர் மேல்வரிக்கு ஓடிவிடுகிறதாம், சில வேளை ஒரு முழுப் பந்தியே நீலமாகி அடுத்த தட்டில் காணாமல் போகிறதாம். 'எனக்குத்தான் ஒழுங்காக டைப் பண்ணத் தெரியவில்லையோ' என்று முடித்திருக்கிறார். அந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். உங்களுக்கு டைப் பண்ணத் தெரியும் தம்பி (தங்கச்சி என்றாலும் இதே பதில்தான்). அனேகமாகக் கம்பஸில் படிக்கிற பிள்ளையாக இருப்பீர்கள். நாளைக்குக் கொடுக்க வேண்டிய அசைன்மென்டை நடுச்சாமத்தில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். கர்சர் தாவியது சேர் என்று போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? நான் சொன்னபோதும் ஒருவரும் நம்பவில்லை.

நான் திருகோணமலை டவுனில் டைப்செட்டிங் கடை வைத்திருக்கிறேன். மரண அறிவித்தல், 31ஆம் நாள் கல்வெட்டு (காலமானவரின் நினைவாக அச்சிட்டுக் கொடுக்கும் புத்தகம்), கலியாணக் காட், கோயில் திருவிழா நோட்டீஸ், பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கும் விண்ணப்பம் என்று எல்லாம் அடிப்பேன். தட்டெழுத்து மெஷினில் பழகியவள். மணிக்கட்டு கீழே இறங்கினால் ரீச்சர் அடிமட்டத்தால் ஒரு தட்டுத் தட்டுவார். ஆகவே 'கையைத் தூக்கி வைத்து அடியுங்கள் அக்கா' என்று கீழே எழுத வருகிறவர்கள் தயவுசெய்து வேறு வேலை பார்க்கலாம். நாள் முழுக்கக் கடையில் இருந்து அடிக்கிற ஒருத்தி எவ்வளவு நேரம் கையை அந்தரத்தில் வைத்திருக்க முடியும்? கை வைக்கத்தானே கீபோர்டுக்கு முன்னால் அந்த இடத்தை விட்டிருக்கிறார்கள். விட்டுவிட்டு அதன் நடுவிலேயே டச்பேடைக் கொண்டுவந்து பதித்தும் இருக்கிறார்கள்.

பழைய கம்ப்யூட்டர் ஒரு மாரிகால இடியோடு போய்விட்டது. கனடாவில் இருக்கிற அக்காவின் மகன் ஒரு லாப்டொப் அனுப்பினான். மெல்லிசு, வடிவானது, குறை சொல்லக்கூடாது. ஆனால் டச்பேட் தபாலட்டை அளவுக்கு இருந்தது. வருடா வருடம் டச்பேடைத்தான் பெரிதாக்குகிறார்கள், கீபோர்ட் அப்படியே இருக்கிறது.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடிப்பவர்களுக்கு இந்தத் தாவலின் கொடுமை இன்னும் கூட. 'கொ' என்று எழுத முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என்று மூன்று தட்டு. கொம்புக்கும் ககரத்துக்கும் நடுவில் கர்சர் தாவினால் கொம்பு இந்த வரியில் தனியாக நிற்கும், 'கா' மூன்று வரி மேலே போய் யாரோ ஒருவருடைய பெயருக்குள் புகுந்திருக்கும். சிவப்புக் கோடு போட்டுக் காட்டவும் ஆள் இல்லை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை பாமினி என்பது வேறு உடுப்புப் போட்ட ஆங்கில எழுத்துத்தான். யுனிகோடுக்கு மாறு என்பீர்கள். நான் மாற ஆயத்தம். அச்சகத்தில் பக்கம் அமைக்க வைத்திருக்கிற பழைய பேஜ்மேக்கர் மென்பொருள் மாற வேண்டுமே.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். நிலாவெளிப் பக்கம் ஒரு பெரியவர் காலமாகி, அவருடைய கல்வெட்டு என்னிடம் வந்தது. கச்சான் காற்று அனலாக வீசுகிற காலம். அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், பேன் நின்று, லாப்டொப் மட்டும் பேட்டரியில் ஓடியது. கை முழுக்க வியர்வை. 'பாசமிகு மாமனாரும்' என்ற இடத்தில் மருமக்கள் பெயர்களைப் போட்டு முடித்து, கீழே பேரப்பிள்ளைகளுக்கு வந்துவிட்டேன். பெருவிரலின் அடிச்சதை டச்பேடில் பட்டிருக்க வேண்டும். அது அதைத் தட்டு என்று எடுத்து, அடுத்த உரசலை இழுப்பு என்று எடுத்து, மேலே ஒரு பெயரைத் தெரிவு செய்துவிட்டது. தெரிவாகி இருக்கும்போது எந்த எழுத்தைத் தட்டினாலும் தெரிவானது அழிந்து அந்த எழுத்துத்தான் நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். என் கண் கையெழுத்துப் பிரதியில் இருந்தது. போனது மூத்த மருமகனின் பெயர்.

புரூஃப் பார்த்துச் சரி என்று கையெழுத்து வைத்தது அவர்கள் வீட்டு ஆள்தான். அந்தத் தாள் இன்றைக்கும் என் லாச்சியில் இருக்கிறது, ஆகவே அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். புத்தகம் அச்சாகி, 31ஆம் நாள் அன்று எல்லார் கைக்கும் போன பிறகுதான் மூத்த மருமகன் தன் பெயரைத் தேடியிருக்கிறார். அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு காணிப் பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த நாள் கடை திறக்க முதலே வாசலில் நின்றார். "யார் சொல்லி என்ர பேரை எடுத்தனீங்கள், அதை மட்டும் சொல்லுங்கோ" என்றார். நான் டச்பேடைக் காட்டி, கை பட்டால் இப்படித் தாவும் என்று விளக்கினேன். அவர் முன்னால் செய்து காட்டவும் பார்த்தேன். அன்றைக்குப் பார்த்து அந்தச் சனியன் அசையவே இல்லை. எப்படித் தேய்த்தாலும் கர்சர் வைத்த இடத்தில் நின்றது. பெயரை ஸ்டிக்கரில் அடித்து, மிச்சப் பிரதிகளில் நானே ஒட்டிக் கொடுத்தேன், என் காசில். இன்னும் அவர் காளி கோயிலில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மரண அறிவித்தல் அடிப்பது என்றால் ஏதோ பெயர்ப் பட்டியல் அடிப்பது என்று நினைக்கிறார்கள். செத்தவீட்டில் இருந்து மூன்று பேர் வருவார்கள், மூன்று பேரும் மூன்று ஒழுங்கு சொல்வார்கள். ஒருவர் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார், பின்னால் பறை கேட்கும், பெயர் கேட்காது. பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கனடா, லண்டன், சுவிஸ் என்று போடுவது வழக்கம். கடைசிவரை அப்பாவைப் பார்த்த மகன் இங்கே பாலையூற்றிலேயே இருப்பார், அவருக்கு அடைப்புக்குறியே இருக்காது. "எனக்கு மட்டும் ஏன் அக்கா ஒண்டும் இல்லை?" என்று ஒருவர் கேட்டார். திருகோணமலை என்று போட்டேன். வெளிநாட்டில் இருந்து போன் வந்தது, அது தேவையில்லையாம், எடுக்கட்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஒரு கடையில் காட்டினேன். போர்மட் பண்ண வேண்டும் என்றார்கள். பண்ணி, காசும் வாங்கினார்கள், கர்சர் அதன் பிறகும் தாவியது. கோளாறு விண்டோஸில் இருந்தால்தானே. டச்பேடுக்கு அழுத்தம் தேவையில்லை. மேல்தகட்டுக்கு அடியில் மெல்லிய கடத்திகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் பட்டால் அந்த இடத்தில் மின் கொள்ளளவு மாறுகிறது, சிப் அதைக் கணக்குப் பார்க்கிறது. உடம்பு மின்சாரத்தைக் கடத்துவதால்தான் இது நடக்கிறது. பிளாஸ்டிக் பேனாவின் பின்பக்கத்தால் தொட்டுப் பாருங்கள், கண்டுகொள்ளாது. உள்ளங்கை அகலமாகப் படிந்தால் கை என்று தள்ளிவிடும். பெருவிரல் அடி ஓரமாகச் சின்னதாகப் பட்டால் அதற்கு அதுவும் ஒரு விரல் நுனிதான். வியர்வையில் உப்பு இருக்கிறது, அதுவும் கடத்தும். ஈரமான டச்பேட் ஆள் தொடாமலே தொட்டதாகக் கணக்குப் போடும்.

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், அதில் புளூடூத் அண்ட் டிவைசஸ், அதற்குள் டச்பேட். அங்கே டப்ஸ் என்பதைத் திறந்து, ஒரு விரலால் தட்டினால் கிளிக் ஆகும் என்று இருக்கிற டிக்கை எடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் முக்கால்வாசி வியாதி இதிலேயே போய்விடும். பிறகு கிளிக் வேண்டுமென்றால் டச்பேடை உண்மையாகவே அழுத்த வேண்டும், இரண்டு நாளில் பழகிவிடும். அதே இடத்தில் சென்சிட்டிவிட்டியை லோ ஆக்குங்கள். அதைக் குறைத்தால் கர்சர் மெதுவாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். வேகத்தை இழுத்து மாற்ற வேறு கோடு இருக்கிறது. இது, கீயைத் தட்டிக்கொண்டிருக்கும்போது டச்பேடில் விழும் தட்டை எவ்வளவு கண்டிப்பாகத் தள்ளிவிடுவது என்பதற்கானது. உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு டைப் செய்யும்போது டச்பேடை நிறுத்தும் வசதி அதிலேயே இருக்கிறது. மக்புக் ஆட்கள் எங்களுக்கு இந்தக் கரைச்சலே இல்லை என்பார்கள். நல்லது, சந்தோஷம். இருந்தால் ட்ராக்பேட் செட்டிங்கில் டப் டு கிளிக்கை நிறுத்துங்கள்.

சார்ஜரில் போட்டால் மட்டும் கர்சர் நடுங்குகிறது, உலோக உடம்பில் கை வைத்தால் லேசாக ஊறுவது போல் இருக்கிறது என்றால் கதை வேறு. அப்போது எர்த்தைப் பாருங்கள். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் வட்டத் துளை பிளக், வெளிநாட்டு லாப்டொப்புக்குத் தட்டைப் பின், நடுவில் ஒரு மலிவு அடப்டர். அனேகமான மலிவு அடப்டர்களில் எர்த் தொடர்பே இருக்காது. வயரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், நடுக்கம் நின்றால் பிழை அங்கேதான்.

உங்களுடையது புதிது என்பதால் அடுத்தது உங்களுக்கில்லை, பழையது வைத்திருப்பவர்களுக்கு. பேட்டரி பெரும்பாலும் டச்பேடுக்குக் கீழேதான் இருக்கும். அது வீங்கினால் டச்பேடை மேலே தள்ளும். தானாகக் கிளிக் விழும், அல்லது அழுத்தினாலும் விழாது, லாப்டொப் மேசையில் ஒரு பக்கம் ஆடும், மூடி சரியாக மூடாது. அப்படி என்றால் செட்டிங்ஸுக்குள் போய் நேரத்தை வீணாக்காமல் உடனே நிறுத்துங்கள். சார்ஜ் போடக்கூடாது, அமத்தக்கூடாது, குத்தக்கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். எங்கள் மச்சாள் ஒருத்தி அதன் மேல் கனமான புத்தகங்களை அடுக்கி வைத்து மட்டமாக்கப் பார்த்தாள், நல்ல காலம் ஒன்றும் நடக்கவில்லை.

இவ்வளவும் ஏன், 1992இல் வந்த திங்பேட் என்ற லாப்டொப்பில் கீபோர்டின் நடுவிலேயே சிவப்பாக ஒரு குமிழ் இருந்தது. கையை எடுக்காமலே ஒரு விரலால் கர்சரைத் தள்ளலாம். அந்த வகையில் பழையது ஒன்றை இரண்டாம் கையாக வாங்கிக் கொஞ்சக் காலம் வைத்திருந்தேன். எந்த மருமகனும் அதில் காணாமல் போகவில்லை.

மவுஸ் வாங்கினால் முடிந்ததே என்று எழுத வருகிறவர்களுக்கு: கடையில் மவுஸ் இருக்கிறது, கல்வெட்டு அடித்த அன்றும் இருந்தது. மவுஸைச் செருகினால் டச்பேட் தானாகத் தூங்காது. அதே டச்பேட் பக்கத்தில், மவுஸ் இணைத்திருக்கும்போதும் டச்பேடை விட்டுவை என்ற வசனத்துக்குப் பக்கத்தில் ஒரு டிக் இருக்கும். அதையும் எடுங்கள்.