பாலைவன வண்டு, பனிப்பிரதேச வண்டு: இரண்டில் எது கெட்டி?

என் ஓட்டு பனிப்பிரதேச வண்டுக்குத்தான். இருந்தாலும் பாலைவனத்துக்காரர் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் எடுத்துக்கொள்வது தென்மேற்கு ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்து ஓனிமாக்ரிஸ் அங்கிகுலாரிஸையும் அலாஸ்காவின் ஊபிஸ் செராம்பாய்டீஸையும். இரண்டும் கறுப்பு, இரண்டும் டெனிப்ரியோனிடே என்ற ஒரே குடும்பம். நம் வீட்டு ரவை டப்பாவில் ஊரும் மாவு வண்டும் இவர்களுக்குப் பங்காளிதான்.

நமீபில் மழை அபூர்வம். ஆனால் கடலோரமாக ஓடும் குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டத்தால் மூடுபனி உண்டு. பனி இறங்கும் விடியலில் இந்த வண்டு மணல்மேட்டு உச்சிக்கு ஏறி, காற்றைப் பார்த்துத் தலையைக் கவிழ்த்து, பின்புறத்தைத் தூக்கி நிற்கும். முதுகில் படியும் பனித்துளிகள் திரண்டு உருண்டு வாய்க்கு வரும். 1976-இல் வெளியான ஓர் ஆய்வில் எடை போட்டுப் பார்த்திருக்கிறார்கள்: இப்படிக் குடிக்கும் தண்ணீர் சராசரியாக உடல் எடையில் 12 சதவீதம். 60 கிலோ ஆள் ஒரே காலையில் ஏழு லிட்டர் குடிப்பதுபோல! (இணையத்தில் இந்தச் சாகசத்தை ஸ்டெனோகாரா என்ற இன்னொரு வண்டின் பெயரில் எழுதியிருப்பார்கள். 2010-இல் சோதித்துப் பார்த்தபோது அது அப்படித் தலைகீழாக நிற்கவே இல்லை.)

சரி, அலாஸ்கா. அங்கே ஊபிஸ் மரப்பட்டைக்கு அடியில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. பட்டை காற்றைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. பல பூச்சிகள் உடம்புக்குள் பனிக்கட்டி உருவாகாமல் தடுக்கத்தான் பாடுபடும். இது நேர்மாறு. சுமார் மைனஸ் 8 டிகிரியிலேயே உறைய ஆரம்பித்துவிடும். ஆனால் பனிக்கட்டி செல்களுக்கு வெளியே மட்டும்தான். உள்ளே இருக்கும் நீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி அங்கே போய் உறையும், செல் கிழியாமல் தப்பிக்கும். அதனால்தான் ஆய்வகத்தில் மெதுவாகக் குளிர்வித்தால் பிழைக்கிறது, அவசரப்பட்டால் செத்துவிடுகிறது. மெதுவாகப் போனால் மைனஸ் 60 வரை தாங்கும். 2009-இல் இதன் உடலில் ஸைலோமன்னன் என்ற உறைதடுப்பானை, அதாவது பனிக்கட்டி வளர்வதைத் தடுக்கும் பொருளை, கண்டுபிடித்தார்கள். பூச்சிகளில் அதுவரை தெரிந்திருந்த உறைதடுப்பான்கள் பெரும்பாலும் புரதங்கள். இது சர்க்கரை வகை.

நமீப் வண்டுக்கு வெயில் ஏறினால் மணலுக்குள் புதைந்துகொள்ள வழி இருக்கிறது. ஊபிஸுக்கு அந்த வசதி கிடையாது. மாதக்கணக்கில் கல்லாக உறைந்து கிடந்துவிட்டு, வெயில் வந்ததும் இளகி எழுந்து நடக்கிறது. அதற்குத்தான் என் ஓட்டு.