கூச்ச சுபாவம் உள்ளவர் ஸ்பானிஷ் கற்க எந்த வழி ஏற்றது?

கேள்வி: ஈரோட்டில் வேலை பார்க்கிறேன். ஸ்பானிஷ் கற்க ரொம்ப ஆசை. ஆனால் கூச்ச சுபாவம். இணையத்தில் ஓர் ஆளுமைத் தேர்வு எழுதியதில் ஐ.என்.எஃப்.ஜே. என்று வந்தது. வகுப்பில் சேர்ந்தால் முதல் நாளே எல்லார் முன்னாலும் பேசச் சொல்கிறார்கள். இரண்டு முறை பாதியில் விட்டுவிட்டேன். என் குணத்துக்கு ஏற்ற வழி ஏதாவது இருக்கிறதா?

பதில்:

இருக்கிறது. நானும் அப்படி ஒரு வகுப்பைப் பாதியில் விட்டவன்தான். இன்றைக்கு என் வேலையில் பாதி ஸ்பானிஷில் நடக்கிறது.

முதலில் அந்த நான்கு எழுத்தைப் பற்றி. அந்தத் தேர்வுகளுக்கு மூலம், கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உளவியலாளர் கார்ல் யுங்கின் கருத்துகளை வைத்து உருவாக்கிய வகைப்பாடு. சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு எழுத்து வருகிறது. அதை நம்பி ஒரு மொழித் திட்டம் போட வேண்டாம். அதேபோல, சிலர் கண்ணால் கற்பவர், சிலர் காதால் கற்பவர் என்று பிரித்துச் சொல்லித்தருவதும் பரவலாக உண்டு. 2008-இல் ஹரால்ட் பாஷ்லரும் இன்னும் மூன்று உளவியலாளர்களும் அதுவரை நடந்த ஆய்வுகளைச் சலித்துப் பார்த்து, அப்படிப் பிரித்துக் கற்பிப்பதால் கூடுதல் பலன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள்.

எனக்கு உண்மையில் உதவியது வேறொரு பிரிவினை. மொழி கற்பதைப் பற்றி நிறைய எழுதிய ஸ்டீபன் கிராஷன், பேசும்போது மனசுக்குள் ஒரு கண்காணிப்பாளர் உட்கார்ந்திருப்பதாகச் சொல்வார். சிலருக்கு அந்த ஆள் ஓயாமல் திருத்திக்கொண்டே இருப்பார், வாயே திறக்க விடமாட்டார். சிலருக்கு அந்த ஆள் வேலைக்கே வருவதில்லை. நீங்கள் இதில் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளத் தேர்வு எழுத வேண்டியதில்லை. ஒரு கல்யாண வீட்டில் அறிமுகமில்லாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்தாலே போதும்.

நான் முதல் வகை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது வாங்குகிறவர்களோடு பேசி ஆர்டரைப் பார்த்துக்கொள்கிறவன். 2015-இல் எங்களுக்கு ஸ்பெயினின் பார்சிலோனாவில் இருந்து ஒரு பையர் (துணி வாங்குகிறவர்) கிடைத்தார். ஆசையாகக் கோயம்புத்தூரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். காலை ரயில் பிடித்துப் போவேன். பதினெட்டுப் பேர் இருந்தோம். ஜோடி சேர்ந்து எழுந்து நின்று, ஒருவர் கடைக்காரர், ஒருவர் வாடிக்கையாளர் என்று பேச வேண்டும். சனிக்கிழமை சாயங்காலமே வயிற்றைப் பிசையும். ஆறாவது வாரம் நின்றுவிட்டேன். சொல்லித்தந்தவர் நல்ல ஆசிரியர், அவர் மேல் குறையே இல்லை. பாடம் சரியாக இருந்தது, அது எனக்கான வாசல் இல்லை, அவ்வளவுதான். இந்தப் பயம் உங்களுக்கும் எனக்கும் மட்டும் வருவதல்ல. மொழிக் கல்வி ஆய்வாளர் எலேன் ஹார்விட்ஸின் குழுவினர் 1986-இலேயே, அயல்மொழி வகுப்பில் வரும் பதற்றத்தைத் தனி விஷயமாக எடுத்து, அதை அளக்க 33 வாக்கியங்கள் கொண்ட ஒரு அளவுகோல் செய்தார்கள். மற்ற இடங்களில் தைரியமாக இருப்பவருக்கும் அங்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

வகுப்பை விட்ட பிறகுதான் எனக்கு வழி கிடைத்தது. பையர் அனுப்பும் மெயிலுக்குக் கீழே அவர்கள் ஆட்கள் தங்களுக்குள் ஸ்பானிஷில் எழுதிக்கொண்டது அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. நான் படிக்க ஆரம்பித்தேன். மங்கா என்றால் ஸ்லீவ். குவேய்யோ காலர். தேலா துணி. தாய்யா சைஸ். முவேஸ்த்ரா சாம்பிள். பொதோன் என்று பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் பொத்தான்! போர்ச்சுகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த சொற்களுக்கு ஸ்பானிஷில் உடன்பிறப்புகள் இருக்கின்றன. மேசைக்கு மேசா, அலமாரிக்கு அர்மாரியோ. நாற்பது சொல் தெரிந்ததும் மெயிலில் பாதி புரிந்தது. எதிரே யாரும் இல்லை, பதில் சொல்ல அவசரமும் இல்லை. கூச்சப்படுகிறவருக்கு வாசிப்புதான் முதல் வாசல் என்று அதனால்தான் அடித்துச் சொல்கிறேன்.

வாசிப்பில்தான் இலக்கணமும் பிடிபட்டது. ஸ்பானிஷில் 'இருக்கிறது' என்பதற்கு செர், எஸ்தார் என்று இரண்டு வினைச்சொல் உண்டு. புத்தகத்தில் படித்தபோது எது நிரந்தரம், எது தற்காலிகம் என்று ஒரு விதி போட்டிருந்தது, குழப்பமாக இருந்தது. ஒரு நாள் சாம்பிள் கமெண்டில் 'லா மங்கா எஸ்தா கோர்த்தா' என்று வந்தது. அந்த எஸ்தா, எஸ்தார் என்பதன் வடிவம். செர் என்பதன் வடிவமான எஸ் போட்டு 'லா மங்கா எஸ் கோர்த்தா' என்றால் அது ஷார்ட் ஸ்லீவ், டிசைனே அப்படி. 'எஸ்தா கோர்த்தா' என்றால் ஸ்லீவ் குட்டையாக வந்துவிட்டது, நம் தப்பு, திருத்தி அனுப்பு. ஒரே ஒரு வினைச்சொல் மாறினால் கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட வேண்டுமா வேண்டாமா என்பது மாறுகிறது. அன்றிலிருந்து எனக்கு அந்த இரண்டும் மறக்கவில்லை. உங்கள் வேலை வேறாக இருக்கும். மஞ்சள் மண்டியோ ஜவுளியோ கணக்கோ, உங்களுக்குக் கைவந்த துறையில் ஸ்பானிஷில் எழுதியதைத் தேடிப் பிடியுங்கள். பொருள் முன்பே தெரிந்தால் மொழி மட்டும்தான் புதிது.

இன்னொரு விஷயம். உச்சரிப்பு தப்பாகிவிடுமோ என்ற பயமே நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிது. தமிழ் வாய்க்கு ஸ்பானிஷ் அவ்வளவு தூரம் இல்லை. அங்கே உயிரொலி ஐந்தே ஐந்து: அ, எ, இ, ஒ, உ. எஸ்பாஞா, மஞானா என்பதில் வருவது நம் ஞ. சொல்லின் நடுவில் வரும் த நமக்கு 'அது' என்பதில் மெலிந்து ஒலிக்கிறதே, 'நாதா' என்ற சொல்லில் (ஒன்றுமில்லை என்று பொருள்) அவர்களுக்கும் அப்படியே மெலிகிறது. பெரோ என்றால் 'ஆனால்'. நாக்கை நன்றாக உருட்டிப் பெர்ரோ என்றால் 'நாய்'. அது ஒன்றுக்குக் கொஞ்சம் பழக வேண்டும்.

வாக்கியமும் பல இடத்தில் நம் பக்கம் சாய்கிறது. 'மே குஸ்தா எல் கஃபே' என்றால் எனக்குக் காபி பிடிக்கும். 'மே துவேலே லா கபேஸா' என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. ஆங்கிலம் வழியாகப் போனால் இது தலைகீழாகத் தெரியும், தமிழ் வழியாகப் போனால் 'எனக்கு' என்பது அதே இடத்தில் நிற்கிறது. ஆப்லோ என்று மட்டும் சொன்னால் பேசுகிறேன், ஆப்லாமோஸ் என்றால் பேசுகிறோம். நாம் ஒவ்வொரு தடவையும் 'நான்' போடுகிறோமா என்ன? விகுதியே சொல்லிவிடுகிறது. ஆகவே குறிப்பெடுக்கும்போது அர்த்தத்தைத் தமிழில் எழுதுங்கள். இதை நான் இரண்டு வருஷம் கழித்துத்தான் செய்தேன், முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

சரி, வாசிப்பு மட்டும் போதுமா? போதாது. குணத்துக்கு ஏற்றதை மட்டுமே செய்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் வீட்டிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

மச்சானுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் காயர் பித் (தென்னை நார்க்கழிவு) தொழில். மெக்சிகோவுக்கு அனுப்புகிறார். யாரிடமும் இரண்டு நிமிஷத்தில் ஒட்டிக்கொள்வார். புத்தகம் திறக்காமலே மூன்று மாதத்தில் போனில் பேச ஆரம்பித்துவிட்டார். பார்க்கவே பிரமிப்பாக இருந்தது. கண்காணிப்பாளர் வேலைக்கு வராத ஆள் அவர். ஒரு நாள், அடுத்த வாரம் அனுப்புவேன் என்று சொல்ல நினைத்து, 'என்வியரே' என்பதற்குப் பதில் 'என்வியே' என்று சொல்லிவிட்டார். அனுப்பிவிட்டேன் என்று அர்த்தம். அந்தப் பக்கம் கன்டெய்னர் கிளம்பிவிட்டதாக நினைத்து அவர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அதைச் சரிசெய்ய அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. "ஏனுங் மாப்ள, ஒரு எழுத்துல இத்தன வெசனமா?" என்று ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டார்.

அவரை உட்கார வைத்து அட்டவணை மனப்பாடம் செய்யச் சொன்னால் நடக்காது. ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும், தான் சொன்னதில் மூன்று வாக்கியத்தை எனக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்பச் சொன்னேன். திருத்தி அனுப்புவேன். வண்டி ஓட்டும்போது அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வார். அவருக்குப் பேச்சுதான் வாசல். இலக்கணத்தை அந்தப் பேச்சுக்குள்ளேயே கொண்டுபோக வேண்டியிருந்தது. இப்போது இறந்தகாலம் தப்புவதில்லை.

அண்ணன் மனைவி, எங்கள் பக்கம் நங்கை என்போம், வேறு மாதிரி. எதை எடுத்தாலும் ஒழுங்கு. மகள் வலென்சியாவில் மேல்படிப்பு படிக்கிறாள். அவள் குடியிருக்கும் வீட்டு அம்மாவோடு இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று ஸ்பானிஷ் ஆரம்பித்தார். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் அரைமணி நேரம் செல்போன் ஆப்பில் பாடம். முந்நூறு நாள் ஒரு நாள் விடவில்லை. ஆனால் வீடியோ காலில் அந்த அம்மா நலமா என்று கேட்டபோது ஒரு சொல்லும் வரவில்லை. அன்றைக்கு அழுதுவிட்டார். திரையில் நான்கு விடை காட்டி ஒன்றைத் தொடச் சொன்னால் அடையாளம் தெரியும். ஒன்றும் காட்டாமல் கேட்டால் உள்ளிருந்து எடுக்க வேண்டும். இரண்டும் வேறு வேலை. படித்ததையே மறுபடி படிப்பதைவிட, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பவருக்கு நாள் கழித்தும் அதிகம் நிற்கிறது என்று ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். நங்கைக்கு நான் சொன்னது ஒரே மாற்றம்தான். அதே நேரம், அதே அரைமணி, அதில் பத்து நிமிஷம் போனை மூடிவைத்துவிட்டு நேற்றுப் படித்ததை நோட்டில் எழுத வேண்டும். அவருடைய ஒழுங்கே அவருக்குக் கைகொடுத்தது. நான்கு மாதத்தில் அந்த அம்மாவிடம் அரிசியும் பருப்பும் சாதம் செய்வது எப்படி என்று சொன்னார், உடைந்த ஸ்பானிஷில், முழுக்க.

அவருக்கு ஒரு தயக்கம் மட்டும் போகவில்லை. தூ என்றால் நீ, உஸ்தேத் என்றால் நீங்கள். ஸ்பெயினில் சீக்கிரமே நீ என்று பேசத் தொடங்கிவிடுவார்கள், அந்த அம்மாவும் அப்படியே கூப்பிடச் சொல்லிவிட்டார். 'ங்க' போடாமல் வாய் திறந்து பழக்கமில்லாதவர் நங்கை. உஸ்தேத் என்றே சொல்லுங்கள், மரியாதை கூடினால் யாரும் கோபிக்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன். குணத்தோடு போராட வேண்டிய இடம் அது இல்லை.

இப்போது உங்களுக்கு வருகிறேன். முதல் மூன்று மாதம் யாரோடும் பேச வேண்டாம். தினம் அரைமணி உங்கள் துறை சார்ந்த வாசிப்பு, அதிலிருந்து ஐந்து சொல், முழு வாக்கியத்தோடு அட்டையில். ஒரு நாள், மூன்று நாள், ஒரு வாரம் என்று இடைவெளி விட்டுத் திரும்பக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆன்கி மாதிரி செயலிகள் அந்தக் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்ளும். ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு, ஓர் ஒலிப்பதிவைக் கேட்டுக் கூடவே வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்க ஆள் இல்லாதபோது கண்காணிப்பாளர் கொஞ்சம் தூங்குவார்.

நான்காவது மாதம் ஒரே ஒரு ஆளோடு பேசுங்கள். குழு வேண்டாம், கேமரா வேண்டாம். மொழிப் பரிமாற்றத் தளத்தில் எனக்கு கொலம்பியாவின் போகோட்டாவில் இருக்கும் ஓர் அம்மா கிடைத்தார். அவருக்கு ஆங்கிலம் பழக வேண்டும், எனக்கு ஸ்பானிஷ். இங்கே காலை ஏழு மணி என்றால் அங்கே முந்தின இரவு எட்டரை. அவர் பெற்ற மகனையே உஸ்தேத் என்று அழைப்பார்; அந்த ஊரில் அது சகஜம். எங்கள் ஊரில் குழந்தையை "வாங்க கண்ணு" என்று கூப்பிடுவதை அவரிடம் சொன்னேன், ரொம்பச் சந்தோஷப்பட்டார். அதற்குப் பிறகு எனக்குக் கூச்சம் பாதி போய்விட்டது.

அழைப்பதற்கு முன் என்ன பேசப் போகிறீர்கள் என்று ஆறேழு வாக்கியம் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தே நிமிஷம், பிறகு வைத்துவிடுவதாக முன்பே சொல்லிவிடுங்கள். துண்டுச்சீட்டின் மேலே பெரிதாக 'மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்' என்று எழுதுங்கள். இன்னும் மெதுவாக, தயவுசெய்து என்று அர்த்தம். முதல் அழைப்பில் அந்த ஒரு வாக்கியத்தை நான் ஆறு தடவை சொன்னேன். ஆறு தடவையும் அந்த அம்மா மெதுவாகத் திரும்பச் சொன்னார்.