மாண்டிசோரி வகுப்பில் பிள்ளையை அதன் போக்கில் விட்டால் எழுத்தும் கணக்கும் எப்படி வரும்?

ஈரோட்டில் மூன்று வயது மகளைச் சேர்க்கும் முன் இப்படிக் கேட்டிருக்கிறீர்கள். போக்கில் விடுவது என்றால் கண்டுகொள்ளாமல் விடுவதில்லைங்க. எதை எடுப்பது, எவ்வளவு நேரம் என்பது குழந்தை கையில். அலமாரியில் என்ன இருக்கும் என்பது ஆசிரியர் கையில். மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் தொடங்கிய முறை இது.

உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய 'அ'வை விரலால் தடவித் தடவி முதலில் கை பழகும், பென்சில் அப்புறம். கணக்குக்குப் பாசிமணிகள். ஒற்றை மணி, பத்து மணி கோத்த கம்பி, நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கனசதுரம் என்று தூக்கிப் பார்த்த பிள்ளைக்கு ஆயிரத்தின் கனமே தெரிந்துவிடும். பொத்தான் போடுவது, தண்ணீர் ஊற்றுவது எல்லாமும் பாடம்தான்.

பெயர்ப்பலகையை மட்டும் மாட்டிவிட்டு, எல்கேஜியிலேயே பக்கம் பக்கமாக எழுதவைக்கும் இடங்களும் நம் பக்கம் உண்டு. பணம் கட்டும் முன் வகுப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள்.