பாறை ஏறவும் மனிதக் கோபுரம் பார்க்கவும் காத்தலோனியாவுக்கு எப்போது போகலாம்?

கேள்வி: நானும் கணவரும் கர்நாடகத்தின் பாதாமியில், கயிற்றை மாட்டப் பாறையில் போல்ட் அடித்த ரூட்களில் 6பி கிரேடு (கடின அளவு) வரை ஏறுகிறோம். பத்து நாள் விடுப்பில் ஸ்பெயினின் காத்தலோனியா போய்ப் பாறையும் ஏறி, மனிதக் கோபுரத் திருவிழா ஒன்றையும் பார்க்க ஆசை. ஆகஸ்டில் விழாக்கள் அதிகமாமே, அப்போதே போகலாமா? எங்கே தங்குவது?

பதில்: ஆகஸ்ட் வேண்டாம். விழாவுக்கு மட்டும் என்றால், 30-ஆம் தேதி விலாஃப்ராங்காவில் நடக்கும் சாந் ஃபெலிக்ஸ் விழாவுக்கே உங்களை அனுப்பிவைப்பேன். ஆனால் தெற்கு நோக்கிய சுண்ணாம்புப் பாறைகள் அந்த வெயிலில் கொதிக்கும். விரல் வியர்த்துச் சிறு பிடிகளிலிருந்து நழுவும். உங்கள் இரண்டு ஆசைகளும் ஒத்துவரும் காலம் அக்டோபரின் பிற்பாதி. அப்போது வெப்பம் தணிந்து பாறை காய்ந்திருக்கும். கோபுரக் கலையின் தாய்வீடான வால்ஸ் ஊரில் சாந்தா உர்சுலா விழாவும் 21-ஆம் தேதியை ஒட்டி நடக்கும். கோபுர நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமையில் வருவதால், அவ்வாண்டுத் தேதியை நகராட்சி அறிவிப்பில் உறுதிசெய்துகொண்ட பிறகே விமானச் சீட்டு எடுங்கள்.

தங்குவதற்கு கோர்னுதெல்யா தெ மொன்சாந்த் என்ற சிற்றூர் வசதி. அங்கிருந்து மலைப்பாதையில் ஏறினால் பாறையேறும் இடமான சியுரானா வந்துவிடும். வால்ஸும் காரில் ஒரு மணி நேரத் தொலைவுக்குள்தான். பேருந்தை நம்பிப் பாறைகளுக்குப் போய்வருவது கடினம் என்பதால் கார் வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கும். இந்திய உரிமத்துடன் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கொண்டுபோங்கள். அங்கே சாலையின் வலப்புறம் ஓட்ட வேண்டும்.

ஜெர்மானியப் பாறையேற்ற வீரர் அலெக்சாண்டர் ஹூபர் 1994-இல் ஏறிய 'லா ரம்ப்லா' என்ற ரூட்டால் உலகப் புகழ் பெற்ற சியுரானாவில், உங்கள் நிலைக்கேற்ற ரூட்களும் நிறையவே உண்டு. ஆனால் செங்குத்தான சுவரில் விரல்நுனி மட்டுமே படும் விளிம்புகளை நம்பிக் காலை நுணுக்கமாக வைத்து ஏற வேண்டியிருப்பதால், அதன் கிரேடுகள் கறாராகத் தோன்றும். முதல் நாள் 5-ஆம் கிரேடுகளில் தொடங்குங்கள். 70 மீட்டர் கயிறு எடுத்துச் செல்லுங்கள். அதன் நுனியில் முடிச்சுப் போடாமல் யாரையும் இறக்காதீர்கள். பாறையேறும் இன்னோர் இடமான மார்கலெஃபில் கூழாங்கற்கள் இறுகிய பாறையில் விரல் நுழையும் குழிகளே பிடிகள். இரண்டு விரலில் உடல் எடை முழுவதையும் தொங்கவிடும் பழக்கம் இல்லாதவர்களுக்குத் தசைநார் காயம் எளிதில் வரும் இடம் என்பதால், அங்கே அடுத்தடுத்து இரண்டு நாள் ஏற வேண்டாம். பார்சலோனாவுக்கு அருகே இருக்கிறதே என்று மொன்சரத் மலையை முதலில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். அங்குள்ள பழைய ரூட்கள் பலவற்றில் போல்ட்டுகள் வெகு தள்ளித் தள்ளி இருக்கும்.

விழா நாளை ஓய்வு நாளாக வைத்துக்கொண்டால் விரல் தோலும் தேறும். நிகழ்ச்சி நண்பகல் வாக்கில் தொடங்கும். வால்ஸின் பிளாசா தெல் பிளாத் சதுக்கம் சிறியது என்பதால், முன்கூட்டியே போய் ஓரமாக இடம் பிடியுங்கள். பழம்பகையாளிகளான உள்ளூர்க் குழுக்கள் இரண்டும் பத்து அடுக்கு வரை எழுப்பும் வல்லமை உள்ளவை. பின்யா எனப்படும் அடித்தள நெரிசல் இறுகிய பிறகு, சீவாளி வைத்து ஊதும் கிரால்யா ஒலிக்கத் தொடங்கும். ஹெல்மெட் அணிந்த சிறுமியோ சிறுவனோ உச்சியில் கையை உயர்த்தியதும் பலரும் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் இறங்குவதையும் பாருங்கள். குலையாமல் இறங்கி முடித்தால்தான் கோபுரம் முழுமை பெற்றதாகக் கணக்கு.

பின்யாவில் சேர ஆசை வந்தால் குழுவினரிடம் கேளுங்கள். பல வேளைகளில் இடம் காட்டுவார்கள். மூக்குக்கண்ணாடியையும் கழுத்துச் சங்கிலியையும் கழற்றிவிட்டு, முன்னால் நிற்பவரின் முதுகோடு நெஞ்சை ஒட்டி, தலையைக் குனிந்து நில்லுங்கள். மேலே அண்ணாந்து பார்ப்பது ஆபத்து. மேலிருந்து ஆள் விழுந்தால் அந்த எடை உங்கள் கழுத்தில் இறங்கும்.

ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டாயமான 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டுடன் நிறுத்திவிடாதீர்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவும் பாறையேற்றத்தை விலக்கிவைக்கின்றன. ஆகவே கயிற்றுடன் ஏறும் பாறையேற்றத்துக்கும் மலையிலிருந்து மீட்கும் செலவுக்கும் பாதுகாப்பு உண்டு என்று பாலிசியில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.