வரிசையின் முதல் இடம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஐ.பி.எல். ஏலம் பற்றிய உங்கள் குறிப்பில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: “அமெரிக்கக்காரன் ஆளை ஏலம் விடுவதில்லை, வரிசையில் நிற்கிற இடத்தை விற்கிறான்.” அந்த வரியால் எங்கள் வீட்டுப் பழைய சண்டை மறுபடி கிளம்பிவிட்டது.

நான் இருப்பது சார்லட்டில், வங்கி ஒன்றில் மென்பொருள் வேலை. நானும் பள்ளியில் படிக்கும் மகனும் கரோலினா பாந்தர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ரசிகர்கள். 2023 மார்ச்சில் எங்கள் அணி, கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைப்படி எடுக்கும் டிராஃப்டின் முதல் பிக்கை, அதாவது முதலில் எடுக்கும் உரிமையை, சிகாகோ பேர்ஸிடமிருந்து வாங்கியது. கொடுத்த விலை: அந்த வருடத்து 9-ஆம் பிக், 61-ஆம் பிக், 2024-ன் முதல் ரவுண்டு பிக், 2025-ன் இரண்டாம் ரவுண்டு பிக். போதாததற்கு, எறிந்த பந்தைப் பிடிக்கும் எங்களுடைய சிறந்த ரிசீவர் டி.ஜே. மூர். இவ்வளவும் கொடுத்து எடுத்தது, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பிரைஸ் யங்கை. அந்த சீசனில் 17 ஆட்டத்தில் 2 வெற்றி.

முதல் பிக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு விற்றுவிட வேண்டும் என்கிறான் மகன். பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு வாங்கிய ரிச்சர்ட் தேலரே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டாராம். குவார்ட்டர்பேக் இல்லாத அணி அதை விற்கவே கூடாது என்பது என் கட்சி. விற்றவனை இன்று புத்திசாலி என்கிறார்கள் என்றால், வாங்கியவன் கெட்டதுதான் காரணம். யங் நன்றாக ஆடியிருந்தால் சிகாகோவைத்தானே முட்டாள் என்றிருப்பார்கள்? நீங்கள் யார் பக்கம்?

பி.கு.: மகன் பிறந்தநாளுக்கு யங்கின் 9-ஆம் எண் ஜெர்சி வாங்கிக் கொடுத்தேன். 2024 செப்டம்பரிலிருந்து அது அலமாரியை விட்டு இறங்கவில்லை.

க., சார்லட்

*

அன்புள்ள க.,

பட்டிமன்ற நடுவர் மாதிரி இரண்டு பக்கமும் சரி என்று சொல்லி மாலையை வாங்கிக்கொண்டு கிளம்பப் போவதில்லை. விற்க வேண்டும் என்பதுதான் என் கட்சியும். ஆனால் உங்கள் மகன் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

கால்பந்து என்றதும் மெஸ்ஸியை நினைத்துக்கொண்டு வந்த வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இது பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதும் அமெரிக்கக் கால்பந்து. அதன் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் 32 அணிகள். கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை வருடத்துக்கு ஒருமுறை வரிசைப்படி எடுத்துக்கொள்வார்கள், ஏழு ரவுண்டு. போன சீசனில் கடைசியாக வந்தவனுக்கு வரிசையில் முதல் இடம். ரேஷன் கடை வாசலில் பை வைத்து இடம் பிடிப்பது போலத்தான், பையை நகர்த்திக் கைமாற்றவும் செய்யலாம். 1936-ல் தொடங்கிய ஏற்பாடு இது. யோசனை சொன்னவர் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் பெர்ட் பெல். முதல் பிக்கும் அவருக்கே வாய்த்தது. ஜே பெர்வாங்கர் என்ற கல்லூரி நட்சத்திரத்தை எடுத்தார், சம்பளம் படியவில்லை, உரிமையைச் சிகாகோவுக்குத் தள்ளிவிட்டார். சிகாகோவிலும் படியவில்லை. மனிதர் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஆக, வரலாற்றின் முதல் டிராஃப்டில் முதல் பிக்கே கைமாறிய சரக்கு. வாங்கி ஏமாந்தவர்கள் பேர்ஸ்.

2023-ல் அந்த இடம் சிகாகோவுக்குக் கிடைத்த விதமும் வேடிக்கைதான். சீசனின் கடைசி நாள், ஜனவரி 8. ஹூஸ்டன் டெக்சன்ஸ் தோற்றால் முதல் பிக் ஹூஸ்டனுக்கு. ஒரு நிமிடம்கூட மிச்சமில்லாத நேரத்தில் டச்டவுன் (இந்த ஆட்டத்தின் கோல்) போட்டு, அதன்மேல் இரண்டு புள்ளியும் எடுத்து, 32–31 என்று இண்டியானாபொலிஸை ஜெயித்துத் தொலைத்தார்கள். முதல் இடம் சிகாகோவுக்குப் போனது. ஹூஸ்டன் பயிற்சியாளர் லவி ஸ்மித்துக்கு அன்றிரவே வேலை போனது. அவர் ஒரு காலத்தில் பேர்ஸை லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலுக்கு அழைத்துப் போனவர். பழைய முதலாளிக்கு இவ்வளவு பெரிய உபகாரம் யாரும் செய்ததில்லை.

அந்த வருடக் கடைசியில் மூன்று மாதம் மகள் வீட்டில், சிகாகோ பக்கத்து நேப்பர்வில்லில் இருந்தேன். மாப்பிள்ளை ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி வைத்திருந்தார். அது பேர்ஸின் ஆட்ட அட்டவணை இல்லை. கரோலினாவுடையது! தோற்கத் தோற்கச் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. உங்களுடைய 2024 பிக் இவர்கள் கையில் இருந்ததால் உங்கள் தோல்வி ஒவ்வொன்றும் இவர்களுக்கு வரவு. நவம்பர் 9 அன்று இரு அணிகளும் நேருக்கு நேர் மோதின. பேர்ஸ் 16–13. மாப்பிள்ளை இரண்டு தாளிலும் குறித்துக்கொண்டார். டிசம்பரில் கொட்டும் மழையில் நீங்கள் அட்லாண்டாவை 9–7 என்று ஜெயித்த அன்று மனிதர் சாப்பாட்டை ஒத்திப் போட்டுவிட்டார். “நம்ம டீம் எதுப்பா?” என்று பேத்தி கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை.

இனி தேலர். அவரும் கேட் மாசியும் எழுதிய ஆய்வு 2013-ல் வெளியானது. அதில் இரண்டு எண்கள் முக்கியம். ஒரே பொசிஷனுக்கு முந்தி எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்தபடி எடுக்கப்பட்டவரைவிடத் தேறுவதற்கான வாய்ப்பு 52 சதவீதம்தான். காசு சுண்டுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. 2023-ல் முதலில் போன குவார்ட்டர்பேக் யங், அடுத்தவர் சி.ஜே. ஸ்ட்ரவுட். இரண்டாவது எண்: அடுத்த வருடப் பிக்கைக் கொடுத்து இந்த வருடப் பிக்கை வாங்கும்போது அணிகள் கட்டும் வட்டி, கணக்குப் பார்த்தால் ஆண்டுக்கு 136 சதவீதம். மீட்டர் வட்டிக்காரனே கூச்சப்படுவான்.

ஊரில் ஏலச்சீட்டு பிடித்தவர்களுக்கு இது புதிதல்ல. முதல் மாதமே எடுத்தாக வேண்டிய அவசரத்தில் இருப்பவர் பெரிய தொகையைத் தள்ளி எடுப்பார். பொறுத்திருப்பவர்கள் அந்தக் கழிவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று அவருக்கு ஒரு நியாயம் இருக்கும். கால்பந்தில் அவசரம் யாருக்கு? மேலாளருக்கும் பயிற்சியாளருக்கும். அடுத்த வருடப் பிக் வரும்போது நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருக்கலாம். தான் கட்டப் போகாத தவணையில் எவனும் தாராளமாகத்தான் வாங்குவான். உங்கள் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக் 11 ஆட்டம்கூடத் தாண்டவில்லை. ஒன்று ஜெயித்துப் பத்து தோற்ற நிலையில் நவம்பரிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆனால் மகன் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த ஆய்வு அலசியது பழைய சம்பள முறையை. 2010-ல் முதல் பிக்காகப் போன சாம் பிராட்ஃபோர்டுக்கு, ஒரு ஆட்டம்கூட ஆடும் முன்பே, ஆறு வருடத்துக்கு 7.8 கோடி டாலர். அதில் 5 கோடி ஆடினாலும் ஆடாவிட்டாலும் உறுதி. 2011-ல் புதிய சம்பள ஒப்பந்தம் வந்தது. அந்த வருட முதல் பிக் கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கு 2.2 கோடி. முதல் பிக்கின் விலை ஒரே வருடத்தில் அப்படிச் சரிந்தது. நல்ல குவார்ட்டர்பேக் நான்கு வருடம் மலிவாகக் கிடைக்கிறார் என்றால் மிச்சப் பணத்தில் சுற்றிலும் ஆள் சேர்க்கலாம். ஆகவே “எப்போதும் விற்றுவிடு” என்பது 2010-க்கு முன்னால் இருந்த அளவு பலமான வாதம் இல்லை இப்போது. இந்த இடத்தில் நீங்கள் மகனை மடக்கலாம்.

உங்கள் வாதத்துக்கு வருகிறேன். வாங்கியவன் கெட்டதால்தான் விற்றவன் பிழைத்தான் என்கிறீர்கள். பாதி உண்மை. ஆனால் வாங்கியவன் ஏன் கெட்டான்? புதிதாக வந்த பையன் பந்தை யாருக்கு எறிவான்? எறிந்தால் பிடிப்பதற்கு இருந்த ஒரே ஆளான மூரைத்தான் விலையாகக் கொடுத்துவிட்டீர்களே. வில்லாளியை வாங்க அம்பறாத்தூணியை விற்ற கதை. அந்த சீசனில் யங்கைப் பந்தோடு சேர்த்து 62 முறை தரையில் சாய்த்தார்கள். கொடுத்த விலையே உங்களைப் பலவீனமாக்கியது. பலவீனம் உங்களைக் கடைசிக்குத் தள்ளியது. நீங்கள் கடைசியில் நின்றதால், எப்போதோ எழுதிக் கொடுத்த 2024 பிக் முதல் பிக்காகவே முதிர்ந்தது. அதிர்ஷ்டம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த அதிர்ஷ்டம் பேரத்துக்குள்ளேயே இருந்தது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் வேறு. சிகாகோ விற்றதற்கான காரணமே தப்பு. தங்களிடம் ஏற்கெனவே ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் இருக்கிறார், குவார்ட்டர்பேக் தேவையில்லை என்றுதான் விற்றார்கள். அந்த ஃபீல்ட்ஸும் 2021-ல் எதிர்காலப் பிக்கைக் கொடுத்து, 20-லிருந்து 11-க்கு ஏறி எடுத்தவர்தான். சரியாக ஒரு வருடம் கழித்து, 2024 மார்ச்சில், அவரைப் பிட்ஸ்பர்குக்கு அனுப்பினார்கள். விலை, நிபந்தனையோடு ஒரு ஆறாம் ரவுண்டு பிக். கிட்டத்தட்ட வெற்றிலை பாக்கு. இடையில் ஸ்ட்ரவுட்டையும் கைவிட்டிருந்தார்கள். அவரோ முதல் சீசனிலேயே ஹூஸ்டனைப் பிளேஆஃபுக்குக் கொண்டுபோய் அங்கே ஒரு ஆட்டமும் ஜெயித்துக் கொடுத்தார். இவ்வளவு பெரிய தப்பைச் செய்துவிட்டும் பேர்ஸ் மூழ்கவில்லை. கையில் இன்னொரு சீட்டாக உங்கள் 2024 பிக் இருந்தது. அதில் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸை எடுத்தார்கள்.

விற்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். லாபத்துக்காக அல்ல, இன்னொரு முறை தப்பு செய்ய வழி இருக்கட்டும் என்பதற்காக. நீங்கள் மொத்தத்தையும் ஒரே பையன்மேல் வைத்தீர்கள். அவன் சரிப்படாவிட்டால் அடுத்து என்ன என்ற கேள்விக்கு உங்களிடம் காகிதம்கூட மிச்சமில்லை.

விற்றால் போதும் என்று மகன் குதிக்க வேண்டாம். அவருக்கு ஒரு கதை. 2012-ல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ், இரண்டாம் பிக்கை வாஷிங்டனுக்கு விற்றது. கிடைத்தது அந்த வருட 6-ஆம் பிக், 39-ஆம் பிக், அடுத்த இரண்டு வருடத்து முதல் ரவுண்டு பிக்குகள். வாஷிங்டன் எடுத்த குவார்ட்டர்பேக் ராபர்ட் கிரிஃபின் முதல் வருடம் வானத்தில் பறந்தார், 2013 ஜனவரியில் முழங்கால் போனது. 2014 டிசம்பர் 7, வாஷிங்டன் மைதானத்தில் இரு அணிகளும் மோதுகின்றன. டாஸ் போட ராம்ஸ் அனுப்பியது ஆறு கேப்டன்களை. ஆறு பேரும் அந்தப் பேரத்தில் வந்த பிக்குகளால் கிடைத்தவர்கள்! இதைவிட நயமாக ஒருவன் வீட்டு வாசலில் நின்று அவனைக் குத்திக்காட்ட முடியாது. ஆட்டமும் 24–0.

ஆனால் அந்த சீசனில் ராம்ஸ் ஜெயித்தது ஆறு, தோற்றது பத்து. விற்ற 2012-லிருந்து 2016 வரை ஒரு சீசனில்கூட தோல்விகளைவிட வெற்றிகள் அதிகம் வரவில்லை. அந்த ஆறு பேரில் ஒருவரும் குவார்ட்டர்பேக் இல்லை. அந்த இடத்தில் இருந்தவர் யார்? மேலே சொன்ன 7.8 கோடி பிராட்ஃபோர்ட். வாஷிங்டன் 2013-ல் படுத்துவிட்டதால் அவர்களுடைய 2014 பிக் இரண்டாம் பிக்காகவே திரும்பி வந்தது, சிகாகோவுக்கு நடந்ததேதான். ஆனால் பிராட்ஃபோர்ட் போதாது என்று ஒப்புக்கொள்ள ராம்ஸுக்கு மனம் வரவில்லை. அவரைக் காக்க கிரெக் ராபின்சன் என்ற டேக்கிளை எடுத்தார்கள். ராபின்சன் தேறவில்லை. அந்த ஆகஸ்டிலேயே பிராட்ஃபோர்டின் முழங்கால் இரண்டாம் முறையாகப் போனது. லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்த 2016-ல் அதே ராம்ஸ் என்ன செய்தார்கள் தெரியுமா? டென்னசி டைட்டன்ஸுக்குப் பிக்குகளை அள்ளிக் கொடுத்து முதல் பிக்கை வாங்கினார்கள். ஜாரெட் காஃப் என்ற குவார்ட்டர்பேக்குக்காக.

இரண்டு அணிக்கும் ஒரே சீட்டு விழுந்தது. ஒருவர் ஃபீல்ட்ஸை ஆறாம் ரவுண்டுக்குக் கழித்துக்கட்டினார், மற்றவர் பிராட்ஃபோர்டுக்கு முட்டுக் கொடுத்தார்.

சிகாகோவையும் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டாம். உங்கள் 61-ஆம் பிக்கைக் கைமாற்றி 56-க்கு ஏறி அவர்கள் எடுத்த தடுப்பாட்டக்காரர் டைரிக் ஸ்டீவன்சன். 2024 அக்டோபர் 27, வாஷிங்டனில் ஆட்டத்தின் கடைசிப் பந்து. அந்தப் பந்து ஆட்டத்துக்கு வந்ததுகூடத் தெரியாமல் ஸ்டீவன்சன் ரசிகர்கள் பக்கம் திரும்பி நின்று அவர்களைச் சீண்டிக்கொண்டிருந்தார். வாஷிங்டனின் குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ் வானத்தில் வீசிய பந்துக்குக் கடைசி நொடியில் ஓடிவந்து கை வைத்தார். அவர் தட்டிவிட்ட பந்து, பின்னால் தனியாக நின்ற நோவா பிரவுனிடம் போய் விழுந்தது. வாஷிங்டன் 18–15. மாப்பிள்ளை அன்றிரவு என்னிடம் போனில் பேசவில்லை.

ஜெர்சிக்கு வருகிறேன். 2024-ல் இரண்டே ஆட்டத்துக்குப் பிறகு யங்கை உட்கார வைத்தார்கள். உங்கள் வீட்டு அலமாரி பூட்டப்பட்டதும் அப்போதுதான் என்று புரிகிறது. அவர் மறுபடி ஆட வந்தது யாரும் மனம் மாறியதால் அல்ல. அவருக்குப் பதிலாக ஆடிய ஆண்டி டால்டன் அக்டோபரில் ஒரு கார் விபத்தில் மாட்டிக் கட்டைவிரலைச் சுளுக்கிக்கொண்டார், வேறு ஆளில்லை. சீசனின் கடைசி ஆட்டத்தில் அதே யங் மூன்று டச்டவுன் எறிந்தார், இரண்டுக்குத் தானே ஓடினார். அட்லாண்டாவை 44–38 என்று கூடுதல் நேரத்தில் ஜெயித்தீர்கள். பையன் வளர்கிற வயசு. அளவு பத்தாமல் போவதற்குள் எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.